கணப்பிடத்தில் இரும்படுப்பு

நுவரெலியாவிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் ஆங்கிலேயர் கட்டிய பழைய பங்களாக்களுட் புகுந்து பார்த்த நேயர்கள், வரவேற்பறைச் சுவரிலே குழிந்து அமைந்த கணப்பிடம் ஒன்றைக் கண்டிருப்பார்கள். செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டிய அந்தக் குழியின் மேலே ஒரு தட்டு. தட்டின்மேல் மணிக்கூடும் படங்களும். மார்கழி, தை மாதத்து இரவுகளில் அக்குழியில் விறகு எரிய, வீட்டார் அதன் முன் இருந்து குளிர்காய்வர். இவ்வழக்கம் மலைநாட்டுக்கு வந்தது இங்கிலாந்திலிருந்து. விக்டோரியா மகாராணியார் காலத்தில் அந்நாட்டிற் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் வரவேற்பறைக்கு மட்டுமன்றிப் படுக்கையறைக்கும் ஒரு கணப்பிடம் உண்டு. இன்று அவ்வீடுகளிற் பெரும்பாலானவை வெந்நீர் ஓடும் குழாய்களாற் சூடேற்றப்படுகின்றன. ஆயினும் எரிவாயுவின் விலை ஏறுந்தோறும், வெறுமையாய்க் கிடக்கும் பழைய கணப்பிடத்தின்மீது வீட்டுக்காரரின் கண் செல்கின்றது. கண்ணாடிக் கதவுள்ள இரும்படுப்பு ஒன்றை அதனுள் வைத்துவிட்டாலென்ன என்ற எண்ணம் பிறக்கின்றது. இலண்டன் மாநகரிலே பழைய வீடுகளை வாங்கிக் குடியிருக்கும் நம்மவர் சிலருக்கும் இதே எண்ணம் எழுவதுண்டு.

கேட்பதற்கு இது எளிய காரியம். குழி இருக்கின்றது; குழியின் அளவுக்கேற்ற அடுப்பு கடையில் இருக்கின்றது; அதனை உள்ளே தள்ளிவிட்டு நெருப்பு மூட்டவேண்டியதுதானே எனத் தோன்றும். அவ்வாறு செய்தவர்களிற் சிலர் வீட்டை நெருப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள்; சிலர் நித்திரையிலேயே உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் குழி வெறும் வாய் மட்டுமே. அதற்கு மேலே சுவருக்குள் மறைந்து கூரைக்கு அப்பால் வரை செல்லும் புகைவழியே கணப்பிடத்தின் உயிர். இரும்படுப்பை வைப்பவர் உண்மையில் அந்தப் புகைவழியை மாற்றி அமைக்கும் பொறுப்பையே ஏற்றுக்கொள்கிறார்.

புகைபோக்கி புகையை ஏன் மேலே இழுக்கின்றது? மண்ணெண்ணெய் விளக்கைக் கையாண்டவர்களுக்கு இதற்கு விடை தெரியும். சிமினியைக் கழற்றினால் சுவாலை அசைந்து, சிவந்து, கரும்புகை கக்கும். சிமினியைப் பொருத்திய மறுகணமே அது நிமிர்ந்து வெண்மையாய் எரியும். கண்ணாடிக் குழாய்க்குள் சூடேறிய வாயு விரிந்து இலேசாகி மேலெழ, அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று புகுகின்றது. வீட்டுப் புகைபோக்கியும் அவ்வாறானதே. குழாய் உயர உயர இழுவை கூடும்; உள்ளே செல்லும் வாயு சூடாயிருக்கும் வரையில் இழுவை நிலைக்கும். வாயு வழியிற் குளிர்ந்துபோனால் இழுவை தளரும். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, விறகடுப்பின் புகைவழி குறைந்தது 4.5 மீற்றர் உயரம் இருத்தல் நன்று என்கின்றது.

திறந்த கணப்பிடம் ஊதாரித்தனமான ஒரு பொருள். விறகின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு அளவு கூரைக்கு வெளியே போய்விடும். எரிவதற்கு வேண்டியதிலும் பன்மடங்கான அறைக்காற்றை அது உறிஞ்சி மேலே அனுப்புவதே காரணம். முகம் சுடும், முதுகு குளிரும். இக்குறையை நீக்கும் வழி தேடியவர்களுள் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின் ஒருவர். கணப்பிடத்துக்குள் வைக்கும் இரும்புப் பெட்டி ஒன்றை வகுத்து, அதனை விளக்கும் சிறுநூல் ஒன்றை அவர் 1744ஆம் ஆண்டில் வெளியிட்டார். றம்போட் பிரபு என்பவர் 1796ஆம் ஆண்டில், பெட்டி எதுவும் வையாமல் கணப்பிடத்தின் தொண்டையை ஒடுக்கிக் கட்டினாலே புகை குறைந்து வெப்பம் கூடும் எனக் காட்டினார். இருவரும் கண்டுகொண்டது ஒன்றே: காற்றை அடக்கினால் வெப்பம் மிஞ்சும். கதவு இறுக மூடப்பட்ட இன்றைய இரும்படுப்புகளில் நல்லவை, விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு எழுபது வீதத்துக்கு மேல் அறைக்குத் தருகின்றன.

ஆனால் இச்சிக்கனத்திலேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. ஊதாரியான பழைய நெருப்பு தன் வெப்பத்தைப் புகைபோக்கிக்கு வாரி வழங்கியது. ஆதலால் புகைபோக்கி சூடாயிருந்தது. ஓரளவு துப்புரவாயும் இருந்தது. சிக்கனமான இரும்படுப்போ வெப்பத்தை அறைக்குள் நிறுத்திக்கொண்டு, குறைந்த அளவான வாயுவையே மேலே விடுகின்றது. பழைய செங்கற் புகைவழி பொதுவாக ஒன்பது அங்குலச் சதுரம்; அதாவது ஏறக்குறைய 530 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள வழி. அடுப்பிலிருந்து எழும் குழாயின் விட்டம் 15 சென்ரிமீற்றர். அதன் பரப்பு 177 சதுர சென்ரிமீற்றர். மும்மடங்கு அகன்ற குளிர்ந்த குகைக்குள் புகுந்த வாயு வேகமிழந்து, சுவரிற் பட்டுக் குளிர்கின்றது. அதிலுள்ள நீராவி நீராகின்றது. எரியாது எஞ்சிய விறகெண்ணெய்கள் தாராகின்றன. முதலில் இளகிய பசையாகவும், பின்னர் மினுங்கும் கறுத்த பொருக்காகவும் அவை சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. கிரியோசோற்று எனப்படும் இப்பொருக்கு தானே ஓர் எரிபொருள். நன்கு மூண்ட நெருப்பின் பொறியொன்று அதிலே பற்றினால், புகைபோக்கி முழுவதும் உலைக்களமாகும். அவ்வெப்பம் 1000 பாகை செல்சியசை நெருங்கலாம். செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்து வெடிக்கும். வெடிப்பினூடாக நெருப்பு கூரை மரத்தைத் தொடும்.

ஆகவே முதல் வேலை அடுப்பு வாங்குவதன்று. புகைவழியைத் துப்புரவாக்கிச் சோதிப்பதாகும். பல ஆண்டுகள் எரியாத புகைபோக்கியிற் பறவைக் கூடுகளும் உதிர்ந்த சாந்தும் அடைத்திருத்தல் கூடும். சில வீடுகளில் முன்னிருந்தோர் அதன் உச்சியை மூடிவிட்டிருப்பர். துடைப்பவர் நீண்ட கம்புகளிற் பூட்டிய தூரிகையைக் கீழிருந்து மேலே செலுத்துவார். பின்பு புகைக்குளிகை ஒன்றைக் கொளுத்தி, உச்சியால் மட்டும் புகை வெளியேறுகின்றதா, அன்றி மேல்மாடிப் படுக்கையறைச் சுவராலோ அடுத்த வீட்டாலோ கசிகின்றதா எனப் பார்ப்பார். இந்தத் தூரிகைக்கு முன்னர் அவ்வேலையைச் செய்தவர்கள் சிறுவர்கள் என்பதை இங்கே சொல்லாமற் போவது முறையன்று. பள்ளியில் இருக்கவேண்டிய வயதில் அவர்கள் இருண்ட புகைவழிக்குள் முழங்காலாலும் முழங்கையாலும் ஊன்றி ஏறினார்கள். கவிஞர் வில்லியம் பிளேக் அவர்களைப்பற்றி இரு கவிதைகள் பாடினார். தடைச்சட்டங்கள் பல வந்தும் பயன் தரவில்லை. 1875ஆம் ஆண்டில் யோர்ச் புரூஸ்ரர் என்னும் பதினொரு வயதுச் சிறுவன் கேம்பிரிட்ச் அருகே புகைவழியில் அகப்பட்டு இறந்த பின்னரே, அவ்வாண்டுச் சட்டம் அக்கொடுமைக்கு முடிவு கட்டிற்று.

புகைவழி சோதிக்கப்பட்டபின், அதனுள் உட்குழாய் இறக்குவதே இன்று பெரிதும் கைக்கொள்ளப்படும் முறை. துருப்பிடியாத உருக்கினால் ஆன, வளையுந்தன்மையுள்ள குழாயைக் கூரைமேலிருந்து உள்ளே இறக்கி, கீழே அடுப்பின் குழாயுடன் இறுகப் பொருத்துவர். குழாய்க்கும் செங்கற் சுவருக்கும் இடையிலுள்ள வெளியை, வெப்பத்தை எளிதிற் கடத்தாத இலேசான கனிமப் பொருக்கினால் நிரப்புவதுமுண்டு. கணப்பிடத்தின் தொண்டையைத் தகடு ஒன்றினால் மூடி, அத்தகட்டின் ஊடாகக் குழாயைச் செலுத்துவர். உச்சியிலே மழையும் பறவையும் புகாதபடி தொப்பி ஒன்று. இப்பொழுது வாயு தன் அளவுக்கேற்ற ஒடுங்கிய வழியில், சூடு குறையாமல் விரைந்து செல்லும், தாரும் குறையும். உட்குழாய் இல்லாத புகைவழி எல்லாம் தீயது என்பதன்று. நல்ல நிலையிலுள்ள, அளவுக்கு ஏற்ற வழி அவ்வாறே பயன்படலாம். ஆனால் அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் சோதித்துப் பார்த்த வல்லுநர். செலவைக் குறைக்க விரும்பும் வீட்டுக்காரரல்லர்.

அடுப்பின் அளவிலும் மக்கள் தவறுகின்றார்கள். பெரிய அடுப்பானால் நல்ல சூடு என்பது அவர்கள் கணக்கு. அறையின் கொள்ளளவில் 14 கனமீற்றருக்கு ஒரு கிலோவாற்று என்பது வணிகர் கையாளும் பருமட்டான கணக்காகும். ஐந்து மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 50 கனமீற்றர். அதற்கு நான்கு கிலோவாற்று அடுப்புப் போதும். அங்கே எட்டுக் கிலோவாற்று அடுப்பை வைத்தவர், அறை வெந்துபோகாதிருக்கக் காற்றுவாயை நாள்தோறும் அடைத்தே வைப்பார். அடைபட்ட நெருப்பு எரியாது; புகையும். புகைந்த நெருப்பே தாரின் தாய்.

அடுப்பு நிற்கும் தளம் எரியாத பொருளாய் இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தளத்தை 100 பாகைக்கு மேற் சூடாக்காத அடுப்பெனச் சோதனையால் உறுதிப்பட்டிருந்தால், 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள எரியாத தகடு போதும் என ஆங்கில வழிகாட்டி கூறுகின்றது. அல்லாவிடில் 125 மில்லிமீற்றர் தடிப்புள்ள கட்டுமானத் தளம் வேண்டும். கதவு மூடி எரிக்கும் அடுப்பின் முன்னே 225 மில்லிமீற்றரும், திறந்தும் எரிக்கத்தக்கதாயின் 300 மில்லிமீற்றரும் தளம் நீண்டிருத்தல் வேண்டும். தணற்றுண்டு தெறித்தால் விழவேண்டியது கல்லிலேயன்றிக் கம்பளத்திலன்று. கணப்பிடத்தின் மேல் உத்தரமாகக் கிடக்கும் பழைய மரத்தை வீட்டார் அழகுக்காகப் போற்றுவர். பன்னாள் தொடர்ந்து சூடேறிய மரம் மெல்லக் கரியாகி, முன்பு பற்றாத வெப்பத்திலும் பற்றக்கூடியதாகிவிடும். ஆகவே மரத்துக்கும் அடுப்புக்கும் இடையில் அடுப்புச் செய்தவர் குறித்த தூரத்தை விட்டே தீரவேண்டும்.

இனிச் சொல்லவேண்டியது காற்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில், வாடைக்காலத்தில் மக்கள் நெருப்பிட்டுக் குளிர்காயும் 'தடவு' என்னும் சட்டி பேசப்படுகின்றது. அந்த வீடுகளிற் காற்று நுழையாத இடம் இருந்திராது. அதே சட்டியை இன்றைய இறுகிய அறையுள் வைத்துக் கதவடைத்துப் படுத்தால் விடியும்போது எழும்புவது ஐயமே. வட இந்தியாவிலே அங்கீதி எனப்படும் கரிச்சட்டியால் குடும்பங்கள் மாண்ட செய்தி மாரிதோறும் வருகின்றது. கொல்வது காபனோரொட்சைட்டு என்னும் வாயு. போதிய ஒட்சிசன் கிடையாது எரியும் எந்தக் கரியும் விறகும் அதனைப் பிறப்பிக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை உறுத்துவதுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். மூச்சு நடக்கும், ஆனால் மூளைக்கு ஒட்சிசன் போகாது. தலையிடி, குமட்டல், சோர்வு, தடுமாற்றம் என்பன அறிகுறிகள். தடிமன் காய்ச்சல் என்றே பலர் மயங்குவர். வீட்டில் எல்லாருக்கும் ஒரே வேளையில் தலையிடித்து, வெளியே போனதும் அது தணியுமாயின், ஐயப்படவேண்டியது அடுப்பையே. அப்போது கதவு யன்னல்களைத் திறந்து, எல்லாரும் வெளியேறி, உதவி தேடவேண்டும்.

இரும்படுப்பிற்குப் புகைபோக்கி இருக்கின்றதே என்று வாளாவிருத்தல் தகாது. புகைபோக்கி மேலே அனுப்பும் காற்றுக்கு ஈடான காற்று வீட்டுக்குள் வந்தாக வேண்டும். பழைய வீடுகளின் யன்னற் சந்துகள் அதற்கு இடங்கொடுத்தன. இன்றோ குளிரைத் தடுப்பதற்காக இரட்டைக் கண்ணாடி போட்டுச் சந்துகளையெல்லாம் அடைத்துவிடுகின்றார்கள். சமையலறையிற் புகை இழுக்கும் மின்விசிறியையும் ஓடவிட்டால், அவ்விசிறி புகைபோக்கியினூடாகவே காற்றைக் கீழே இழுக்கும். காற்றோடு புகையும் அறைக்குள் வரும். இங்கிலாந்தின் வழிகாட்டி, காற்றுப் புகக்கூடிய பழைய வீடுகளில் ஐந்து கிலோவாற்றுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் 550 சதுர மில்லிமீற்றர் திறப்பு வேண்டுமென்கின்றது. இறுகக் கட்டிய புது வீடுகளிலோ முதற் கிலோவாற்றிலிருந்தே அத்திறப்பு வேண்டும். அது மூடமுடியாத திறப்பாய் இருத்தல் அவசியம். ஏழு கிலோவாற்று அடுப்புள்ள பழைய வீட்டிற்கு இக்கணக்கின்படி வேண்டுவது 11 சதுர சென்ரிமீற்றர். ஒரு தீப்பெட்டியின் முகத்தைவிடச் சிறியது. அந்தச் சிறு திறப்பினால் காலிற் குளிர்காற்றுப் படுகின்றதென்று துணியால் அடைப்பவர்கள் இருக்கின்றார்கள்.

இந்த வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவியைப் பொருத்துவது இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டு முதல், புதிய விறகடுப்பு வைப்போர் யாவருக்கும் விதியாக்கப்பட்டது. அது அடுப்பிருக்கும் அறையிலேயே, அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீற்றர் தூரத்துள் இருத்தல் வேண்டும். மற்றும் அந்நாட்டில் அடுப்பு வைக்கும் வேலையை அதற்கெனப் பதிவுபெற்ற தொழிலாளர் செய்யலாம். அல்லது உள்ளூராட்சிக் கட்டட அதிகாரிக்கு முன்னறிவித்துச் செய்து, அவரது ஒப்புதலைப் பெறலாம். இரண்டுமின்றிச் செய்தவருக்குச் சான்றிதழ் கிடையாது. பின்னாளில் வீட்டை விற்கும்போதும், காப்புறுதி கோரும்போதும் அவர் இடர்ப்படுவார்.

எல்லாம் முறையாய் அமைந்தபின்னும் விறகு கெடுத்துவிடும். புதிதாய் வெட்டிய மரத்தின் நிறையிற் பாதியளவு நீர். அந்நீரை ஆவியாக்கவே நெருப்பின் வலு செலவாக, அடுப்புக் குளிர்ந்து புகைவழி தாரேறும். நீர் நூற்றுக்கு இருபது வீதத்துக்குக் குறையும்வரை, பிளந்து, மேலே கூரையிட்டு, பக்கம் திறந்து, ஓராண்டு ஈராண்டு காற்றாட அடுக்கிவைத்தல் வேண்டும். இரு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் உலர்ந்த விறகு 'டங்' என ஒலிக்கும். ஈரவிறகு மந்தமாய் ஒலிக்கும். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கப்படும் விறகு இந்த இருபது வீத எல்லைக்குள் இருக்கவேண்டுமெனச் சட்டம் செய்யப்பட்டது. தீந்தை பூசிய பலகையும் மருந்தூட்டிய மரமும் அடுப்புக்கு ஆகா. அவற்றின் புகை நஞ்சு. இரவு படுக்கும் வேளையிற் கட்டைகளை நிறைய அடுக்கிக் காற்றுவாயை முற்றாய் மூடி, விடியுமட்டும் கனியவிடும் பழக்கம் சிக்கனமெனத் தோன்றும். தாரையும் நஞ்சுவாயுவையும் ஒருங்கே பிறப்பிப்பது அதுவே. அதுவும் வீட்டார் உறங்கும் வேளையில். சிறு நெருப்பைச் சுறுசுறுப்பாய் எரித்து, தணியவிட்டுப் படுப்பதே நன்று.

புகைபோக்கியினுள் தீ மூண்டால் புகையிரதம் ஓடுவதுபோன்ற இரைச்சல் சுவருக்குள் கேட்கும். உச்சியிற் பொறி பறக்கும். அடுப்பின் கதவையும் காற்றுவாயையும் மூடிவிட்டு, வீட்டாரை வெளியேற்றித் தீயணைப்புப் படையை அழைத்தல் வேண்டும். காய்ந்த இரும்பிலும் கல்லிலும் தண்ணீர் ஊற்றலாகாது. அவை வெடித்துச் சிதறும். ஆண்டுக்கு ஒருமுறையேனும், விறகு மிகுதியாய் எரிப்போர் இருமுறையும் புகைவழியைத் துடைப்பித்து வந்தால் இந்நிலை பெரும்பாலும் நேராது.

அயலாரையும் எண்ணவேண்டியுள்ளது. 1952ஆம் ஆண்டு மார்கழியில் இலண்டனை ஐந்து நாட்கள் மூடிய நிலக்கரிப் புகைப்பனி பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. அதன் விளைவாக 1956ஆம் ஆண்டில் தூயகாற்றுச் சட்டம் பிறந்தது. புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நகர்ப்புறங்களில் அதற்கென விலக்களிக்கப்பட்ட வகை அடுப்பிலேயே விறகு எரிக்கலாம். அத்தகைய அடுப்பும் நுண்துகளை அறவே வெளிவிடாதது அன்று. வேறு வகையிற் சூடேற்றத்தக்க நகரவீட்டில், அழகு ஒன்றுக்காக நாள்தோறும் விறகெரிப்பது அயல்வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்கு நன்றன்று.

நுவரெலியாவின் பழைய பங்களாக்களிலும் இவ்வாறான அடுப்பு வைக்க எண்ணுவோர் உளராயின், அங்கே முதற்பகை ஈரம். மழையும் பனிமூட்டமும் நிறைந்த அவ்விடத்திலே மரத்தைக் காயவைத்தல் தாழ்வான நாட்டிலும் கடினம். நெடுங்காலம் எரியாத செங்கற் புகைவழியும் ஈரமூறிக் குளிர்ந்திருக்கும். முதல்நாளே பெருநெருப்பு மூட்டாமல், யன்னலைச் சற்றே திறந்து, எரியும் கடதாசிச் சுருள் ஒன்றை அடுப்பின் வாயிலே பிடித்துப் பார்த்தல் வேண்டும். சுவாலை உள்ளே சாய்ந்தால் இழுவை உண்டு. அறைப்பக்கம் சாய்ந்தால் அன்றைக்கு நெருப்பு வேண்டாம்.